மைக் பாய் சொன்ன வாக்கு

மஜீத் மாமா சொந்தமாக ஏதாவது பேச வேண்டியிருந்தால் முதலில் வலது கையை வாய்க்கு முன்னால் கொண்டுவந்து விரல்களைக் குவித்து மூடிக்கொள்வார். மைக்கில் அறிவிப்புச் செய்கிறவர்கள் நடுவில் பக்கத்திலிருப்பவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மைக்கின் தலையைக் கையால் பொத்திக்கொள்வார்கள் அல்லவா, அதே மாதிரி. ஆனால் மாமாவுக்குக் கையில் மைக் இருக்க வேண்டும் என்பதில்லை. டீயில் சர்க்கரை குறைவாகக் கேட்கும்போதும், பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும்போதும், சுபைதா மாமியிடம் சோறு கேட்கும்போதும் அந்தக் கை மேலே வந்து காற்றில் எதையோ பொத்தும். பிறகுதான் பேச்சு வரும். நினைவு தெரிந்ததிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் இதைப் பார்த்திருக்கிறேன். சிறுவயதில் அவரைப் போல் செய்துகாட்டி எங்கள் வீட்டில் அடிவாங்கியும் இருக்கிறேன்.

ஏற்காடு கடைவீதியில் மேலே ஏறும் ஒரு சந்தில் அவருடைய கடை. அப்துல் மஜீத் என்ற பெயர் பலகையில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் மைக் பாய். இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிபயர், பேட்டரி, ஒரு மூட்டை ஒயர். கல்யாணம், கோயில் திருவிழா, மாதா தேர், காணாமல் போன மாடு, எல்லாவற்றுக்கும் அவர்தான். என் அப்பா சூசைமாணிக்கம் ஜீப் ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் எஸ்டேட் ஆட்களையும் மிளகு மூட்டையையும் ஏற்றுவார். அறிவிப்பு இருந்தால் ஜீப்பின் தலையில் மாமாவின் குழாய்கள் ஏறும். எங்கள் வீடு அவர் கடைக்குப் பின்னால். அவர்கள் வீட்டுக் கறிக்குழம்பும் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் முறுக்கும் சுவர் தாண்டிப் போய்வரும்.

மாமாவின் சொந்தக் குரல் மெலிந்தது. வாக்கியத்தின் பாதியிலேயே யாராவது குறுக்கே பேசிவிடுவார்கள், அவரும் விட்டுவிடுவார். ஆனால் அவரிடம் இன்னொரு குரல் இருந்தது.

எந்தத் தலைவருடைய குரல் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த நாளில் எங்கள் மலையில் வெறுமனே 'தலைவர்' என்றால் ஒருவரைத்தான் சொன்னார்கள். கட்சிக்காரர்கள் ஜீப்பை வாடகைக்கு எடுத்தால் தலைவரின் பேச்சு கேசட்டை ஓடவிடச் சொல்வார்கள். ஒரு தேர்தலின்போது கொட்டச்சேடு கிராமத்தில் கேசட் சிக்கிக்கொண்டது. தலைவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனார். கூட்டம் நின்று பார்க்கிறது. மாமா நாடாவை இழுத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று மைக்கை எடுத்து அந்த வாக்கியத்தைத் தலைவரின் குரலிலேயே முடித்துவைத்தார். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்பாவே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாராம்.

அதற்குப் பிறகு கேசட் தேவைப்படவில்லை. ஒன்றியத்தில் கட்சி வேலை பார்த்த முருகேசன் அண்ணன் மாமாவை விடவே இல்லை. ஜீப்பின் பின்பக்கம் தார்ப்பாயைச் சுற்றிலும் இறக்கிவிட்டு, உள்ளே பேட்டரியோடு பேட்டரியாக மாமா உட்கார்ந்துகொள்வார். "ஆளு தெரிஞ்சா கொரலு நிக்காதுங்க" என்பார்.

"ஏன் பாய், ஊட்டுல சுபைதா அக்காகிட்ட ஒருநாள் இந்தக் கொரல்ல பேசிப் பாருங்களேன்" என்று அப்பா சீண்டுவார்.

மாமா கையைப் பொத்திக்கொண்டு சொல்வார்: "பேசினேன் சூசை. 'தலைவரே, போயி மண்ணெண்ணெய் வாங்கிட்டு வாங்க'ன்னுட்டா."

1986ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது நான் சேலத்தில் கல்லூரியில் உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அந்த வருஷம்தான் ஆழ்மன உளவியல் பாடமாக வந்தது. எல்லா மனித மனத்தின் அடியிலும் சில பழைய உருவங்கள் இருக்கின்றன, அப்பன், தாய், ராஜா, மந்திரவாதி என்று; அவை நாம் பிறப்பதற்கு முன்பே அங்கே இருக்கின்றன; வெளியே யாராவது பொருத்தமாக வந்து நின்றால் உள்ளே இருக்கும் உருவத்தை எடுத்து அவர்மேல் போர்த்திவிடுகிறோம் என்று எங்கள் பேராசிரியை சொன்னார். தொல்படிமம் என்று அதற்குப் பெயர். ஊருக்குக் காட்டும் முகம் முகமூடி; நாம் பார்க்க மறுக்கிற பகுதி நிழல்.

எனக்குக் கண் திறந்தது போலிருந்தது. ரவுண்டானாவில் மூங்கில் கட்டி நிறுத்தியிருந்த முப்பதடி உயரத் தலைவர், அதன் காலில் சூடம் கொளுத்துகிற பெண்கள், 'துரை' என்ற வார்த்தையைச் சொல்லும்போது இன்றும் குனிந்துவிடுகிற என் அப்பாவின் முதுகு, எல்லாவற்றுக்கும் என் கையில் இப்போது ஒரு சாவி. விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னார்கள். 'தேர்தலும் தந்தைப் படிமமும்' என்று தலைப்பு வைத்தேன். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாரமங்கலம். காலைப் பனி இன்னும் விலகவில்லை. ஊர் முகப்பில் ஜீப்பை நிறுத்தியதும் தார்ப்பாய்க்குள்ளிருந்து தலைவர் பேச ஆரம்பித்தார். கம்பளி போர்த்திய ஆட்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பேச்சு முடியும் நேரத்தில் ஒரு அம்மா நேராக ஜீப்பின் பின்பக்கம் போய், தார்ப்பாயைப் பார்த்துக் கைகூப்பினார். ஐம்பது வயதிருக்கும். பாவாயி என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கணவன் இல்லை; ஒரே மகன் அம்மாசி. ஒரு காண்ட்ராக்டர் சுமக்கச் சொன்னான் என்று மூன்று சந்தனக் கட்டைகளைச் சுமந்துகொண்டு வந்தவன் வழியிலேயே பிடிபட்டு, கீழே சேலம் ஜெயிலில் இருபது நாளாகக் கிடந்தான். காண்ட்ராக்டரைக் காணவில்லை.

"சாமி, எம்பையன் களவாணி இல்லீங்க. கூலிக்குப் போனவனுங்க. அவனுக்கு ஒடம்பு சரியில்லீன்னு சொல்றாங்க, கண்ணு மஞ்சளா இருக்குதாமா" என்று அழுதார்.

அப்பா இறங்கிப் போய், "அம்மா, உள்ள தலைவர் இல்லீங்க. மைக்குதான் இருக்குது. நீங்க அழுவாதீங்க" என்றார்.

முருகேசன் அண்ணன் அப்பாவைத் தோளில் பிடித்து நகர்த்தினார். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி உள்ளே தலையை விட்டு, "பாய், ஒரு வார்த்தை சொல்லுங்க. ஊரே பாக்குது. இந்த வளவுல இருக்கற ஊடுங்க மட்டும் முப்பது ஓட்டு" என்றது என் காதில் விழுந்தது.

குழாயில் கொரகொரவென்று காற்று மட்டும். பிறகு அந்தக் குரல், மெதுவாக, ஆனால் மலையே கேட்கும்படியாக:

"தாயே... உங்கள் மகன் என் மகன். அவனை நான் கூட்டி வருகிறேன். நீங்கள் வீட்டை விட்டு எங்கும் போக வேண்டாம். அவன் வந்து இறங்கும்போது நீங்கள் வாசலில் இருக்க வேண்டும்."

பாவாயி அம்மா ஈரத் தரையில் அப்படியே விழுந்து கும்பிட்டார். கூட்டம் விசிலடித்தது. என் நோட்டில் அந்த நிமிஷத்துக்கு நேராக நான் எழுதியிருப்பதை இப்போதும் பார்க்கலாம்: 'தந்தைப் படிமம். மிகத் தெளிவான உதாரணம்.' கீழே இரண்டு கோடு.

திரும்பி வரும் வழியில் மாமா தார்ப்பாயை விலக்கி முன்னால் எட்டிப்பார்த்தார். முகம் வேர்த்திருந்தது. கை தானாக வாய்க்குப் போனது.

"என்ன கண்ணு சொன்னேன் நான்?"

சொன்னேன்.

"ஊட்டை விட்டுப் போவ வேணாம்னா சொன்னேன்? நான் சொல்லலாம்னு நெனச்சது, 'கவலப்படாதீங்க'ன்னு மட்டுந்தான். அது அதுபாட்டுக்குப் பேசிருச்சு." பிறகு அப்பாவிடம், "சூசை, திருப்புவமா? எறங்கிப் போயி அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வந்தர்றேன்" என்றார்.

அப்பா வேகத்தைக் குறைத்தார். ஜீப் வளைவில் கிட்டத்தட்ட நின்றது.

அப்போது நான் பேசினேன். ஒரு பாடத்தை அன்றுதான் முதல்முறையாகச் சொல்லிக்கொடுக்கிற சந்தோஷத்தோடு பேசினேன். அது நீங்க இல்லை மாமா, அவங்க மனசுக்குள்ள ஒரு அப்பா இருக்கார், அவர்தான் பேசினார், நீங்க வெறும் வாய். அவங்களுக்கு அந்த ஆறுதல் தேவைப்பட்டது, நீங்க இல்லைன்னா வேற எங்கேயாவது தேடியிருப்பாங்க. இதில் பொய்யும் இல்லை உண்மையும் இல்லை. மாமா கண் கொட்டாமல் கேட்டார். படித்த பெண் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் பரவியதைப் பார்த்தேன். அதை நான் ரசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அப்பிடிங்களா கண்ணு" என்றார். அப்பா மறுபடி கியரைப் போட்டார்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மலைக் கிராமங்களுக்கெல்லாம் நடந்தே போய்வரும் எங்கள் மாதா கோயில் உபதேசியார் கிறிஸ்துதாஸ், அம்மாசியின் ஜாமீனுக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். பாவாயி அம்மாவுக்கு அரை ஏக்கர் நிலம் சொந்தப் பெயரில் இருந்தது. வரி ரசீதோடு அவரே திங்கட்கிழமை கீழே கோர்ட்டுக்கு வந்து கைநாட்டு வைத்தால் அன்று சாயங்காலமே பையன் வெளியே. வக்கீல் ஒருவர் காசு வாங்காமல் வருவதாகச் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை உபதேசியார் மாமாவின் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"பாய், நீங்க பண்ணுனது உங்களுக்கே நல்லா இருக்குதா? திங்கக்கெழம காலைல மொத பஸ்ஸுக்கு அந்தம்மாவைக் கூப்புடப் போனேன். வரமாட்டேங்குது. 'தலைவரு வர்றேன்னுருக்காரு, ஊட்டுல ஆளில்லாமப் பூட்டிக் கெடந்தா நல்லாருக்குமா'ங்குது."

"நீங்க ரசீதை வாங்கிட்டுப் போயிருக்கலாமுங்களே" என்றார் அப்பா.

"ரசீது போதாது, ஆளும் நிக்கோணும். எனக்கு நெலமிருந்தா நானே நின்னுருப்பேன். நான் இருக்கறது எஸ்டேட்டுக்காரங்க குடுத்த லைன் ஊடு. இனி அடுத்த திங்கக்கெழமதான். பையனை ஜெயில்ல பாத்தேன். கண்ணு, நகம், எல்லாம் மஞ்சள். எந்திரிச்சு நிக்க முடியல."

மாமா சுவரில் மாட்டியிருந்த ஒயர் சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தலைவரு சொன்னதுன்னு நெனச்சுட்டு இருக்குது. நீங்க போயி, நான்தான் பேசுனேன்னு சொல்லுங்க" என்றார் உபதேசியார்.

"நான் போயிச் சொன்னா நம்புமுங்களா? என் பேச்ச யாரு நம்பறா" என்றார் மாமா, கையைப் பொத்தியபடி. அது சாக்கு இல்லை. அவர் உண்மையாகவே அப்படி நினைத்தார்.

அப்பாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. "அதே கொரல்ல சொல்லிருங்க பாய். 'திங்கக்கெழம கீழ போங்க'ன்னு அந்தக் கொரலு சொன்னா அந்தம்மா போவும். சொன்ன வாயே மாத்திச் சொல்லட்டும்."

சரியென்று பட்டது. எனக்கும்தான். நானே என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொடுத்தேன்: 'பாவாயி அம்மா, திங்கட்கிழமை உபதேசியாரோடு கீழே போங்கள். நீங்கள் வந்தால்தான் உங்கள் மகன் வருவான்.' இரண்டே வாக்கியம். வழியெல்லாம் மாமா அதைத் தன் மெலிந்த குரலில் பாடம் செய்துகொண்டே வந்தார்.

வியாழக்கிழமை மாரமங்கலத்தில் ஜீப்பைப் பார்த்ததும் போன தடவையைவிட இரண்டு மடங்கு கூட்டம் சேர்ந்துவிட்டது. முருகேசன் அண்ணனும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து சேர்ந்திருந்தார். பாவாயி அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு தன் வீட்டு வாசலிலேயே நின்றார், அங்கிருந்து நகரவில்லை. நான் தார்ப்பாயின் இடுக்கு வழியாக மாமாவைப் பார்த்தேன். இடது கையில் என் தாள். வலது கையில் மைக்.

"தாயே..." என்றது குரல்.

கூட்டம் ஓவென்று கத்தியது. யாரோ பட்டாசு வெடித்தார்கள். மாமாவின் கண்கள் தாளிலிருந்து மேலே போனதைப் பார்த்தேன். தார்ப்பாயைத் தாண்டி வேறெங்கோ பார்த்தன. முதுகு நிமிர்ந்தது. அவ்வளவு நிமிர்ந்து அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"பொறுத்திருங்கள். பெற்றவளின் கண்ணீர் வீண் போகாது. இன்னும் சில நாள்தான். உங்கள் மகனோடு நானே வந்து உங்கள் வாசலில் நிற்பேன். இது என் வாக்கு."

அப்பா பின்னால் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாள் மாமாவின் மடியில் கிடந்தது. அவர் மூச்சு வாங்க என்னைப் பார்த்து, கையைப் பொத்திக்கொண்டு கேட்டார்:

"படிச்சேன்ல கண்ணு? சரியாப் படிச்சேன்ல?"

இறங்கிப் போய் அந்த வாசலில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாற்பதடி தூரம். முருகேசன் அண்ணன் ஆட்களோடு அங்கே நின்று பாவாயி அம்மாவுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். ஜீப்பைக் கிளப்பச் சொல்லி, அங்கே வந்திருந்த உபதேசியாரே அப்பாவுக்குக் கையைக் காட்டினார், இனிமேல் நாங்கள் அங்கே நிற்பதே கெடுதல் என்பது போல.

அடுத்த திங்கட்கிழமையும் அந்த அம்மா கீழே போகவில்லை. வியாழக்கிழமை அம்மாசியை ஜெயிலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் போய்விட்டான். இருபத்திரண்டு வயது.

பிணத்தை மேலே கொண்டுவர வண்டி கிடைக்கவில்லை. முருகேசன் அண்ணன்தான் கட்சி வேனை அனுப்பினார். தேர்தலுக்கு இரண்டு நாள் இருந்தது. கொடியைக் கழற்றக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மாரமங்கலத்தில் அந்தக் கட்சி ஜெயித்தது.

நான் கல்லூரிக்குத் திரும்பிக் கட்டுரையைக் கொடுத்தேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். மாரமங்கலம் உதாரணத்தைப் பேராசிரியை வாசித்துக்காட்டினார். அம்மாசி செத்ததை நான் அதில் எழுதவில்லை. கட்டுரைக்கு அது தேவைப்படவில்லை.

மாமா அதற்குப் பிறகு அந்தக் குரலில் பேசவில்லை. முருகேசன் அண்ணன் இரண்டு தேர்தலுக்கு வந்து கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். "வரமாட்டேங்குதுங்க" என்று மட்டும் சொல்வார் மாமா. கட்சிக்குக் குரல் கிடைக்காமல் போகவில்லை. சேலத்திலிருந்து வேறொரு ஆள் வந்தான். மாமா மாடு காணோம், ஆள் காணோம், நல்லடக்கம் நாலு மணிக்கு என்று தன் மெலிந்த குரலில் அறிவித்துக்கொண்டிருந்தார். "பாய், சத்தமாப் பேசுங்க, ஒண்ணும் கேக்கல" என்று கடைவீதியில் கத்துவார்கள்.

ஒரு விஷயத்தை அப்பாதான் எனக்குச் சொன்னார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாமா மாரமங்கலம் பஸ்ஸில் ஏறிப் போவாராம். ஊர் முகப்பில் இறங்கி டீக்கடையில் உட்காருவார். அங்கிருந்து பாவாயி அம்மாவின் வீடு தெரியும். ஒரு டீ குடிப்பார். கை வாய்க்கு முன்னால் வந்து மூடும், திறக்கும். அதே பஸ் திரும்பும்போது ஏறி வந்துவிடுவார்.

நான் எம்.ஏ. முடித்துக் கீழே ஒரு கல்லூரியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது நானே அந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஒரு வருஷம் பாடத்துக்காகச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மாணவிகளைக் கூட்டிப்போனேன். பூசாரிக்குச் சாமி வந்து வாக்குச் சொன்னது. எல்லாம் முடிந்ததும் அவர் நாக்கில் சூடத்தை வைத்து, தலையில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினார்கள். 'சாமி மலையேறிருச்சு' என்றார்கள். பூசாரி ஒன்றும் தெரியாதவரைப் போல எழுந்து பீடி கேட்டார். மலைக்காரர்கள் அந்த உருவங்களைப் பற்றி எந்தப் புத்தகமும் படிக்கவில்லை; ஆனால் ஒருவனுக்குள் அது வந்தால் எப்படி இறக்கி அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கட்சிகளுக்கு வரவழைக்க மட்டும்தான் தெரியும். மஜீத் மாமாவுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

இதை வகுப்பில் சொன்னேன். மாணவிகள் குறித்துக்கொண்டார்கள். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது: அன்று ஜீப்பில் சொன்னதும் இப்படித்தான் அழகாக இருந்தது.

1995இல் மாமா நெஞ்சுச் சளியில் படுத்துவிட்டார். விடுமுறையில் பார்க்கப் போனேன். சுபைதா மாமி டீ போட உள்ளே போனதும் என்னைக் கிட்டே வரச் சொன்னார். போர்வைக்கு மேல் அவர் வலது கை விரிந்து கிடந்தது. வாய்க்குப் போகவில்லை. அன்றைக்கு மட்டும்தான் அப்படிப் பார்த்தேன்.

"கண்ணு, நீ படிச்ச புள்ள. எனக்காவ ஒருக்கா மாரமங்கலம் போயிட்டு வா. அந்தம்மாகிட்ட சொல்லிரு. தலைவரு இல்லீங்க, மஜீத்துதான் பேசுனான், தப்பாப் பேசிட்டான்னு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

"அத நீங்கதான் மாமா சொல்லணும். வேற யார் சொன்னாலும் உங்க மனசு ஆறாது. அவங்கவங்க நிழலை அவங்கவங்கதான் பாக்கணும்."

மாமா கொஞ்சம் சிரித்தார். இருமல் வந்தது.

"நெழலா? இந்தப் பனியில யாருக்குக் கண்ணு நெழல் உழுவுது?"

பிறகு, "சரி. எந்திரிச்சா நானே போறேன்" என்றார். எழுந்திருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். நல்லடக்கம் எத்தனை மணிக்கு என்று அறிவிக்க மைக் பிடிக்கத் தெரிந்த ஆள் கிடைக்காமல், அப்பாதான் ஜீப்பில் திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டு போனார்.

நாற்பது நாள் கழித்து மாரமங்கலம் போனேன். சொல்லவேண்டியதை பஸ்ஸில் பாடம் செய்துகொண்டே போனேன். பாவாயி அம்மா வாசலருகே உட்கார்ந்து காப்பிக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தார். உள்சுவரில் அம்மாசியின் சிறிய படம். அதன் பக்கத்தில் தலைவரின் படம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

"யாரு கண்ணு?"

"ஏற்காடு ஜீப் சூசைமாணிக்கம் மகளுங்க. அமலி."

"ஓ... நோட்டுல எழுதிட்டே இருந்த புள்ளையா நீயி?"

நான் வாசலிலேயே நின்றேன். "மஜீத் பாய் தவறிட்டாருங்கம்மா. அவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தாரு. அன்னிக்குத் தலைவரு பேசலீங்க. அது..."

"மைக்கு பாயிதான பேசுனாரு? தெரியுமே."

முறத்தின் சத்தம் நிற்கவில்லை.

"தெரியுங்களா?"

"தெரியாம? உங்கொப்பன்தான் சொன்னாரே உள்ள தலைவரு இல்லீன்னு. தார்ப்பாயி ஆடறப்ப கையி தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா அம்மா கீழ போகாம இருந்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் தெரியாத பெண்ணைப் பார்ப்பது போல. "எங்கூர்ப் பூசாரி காலைல அவம்பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்கறது ஊருக்கே கேக்கும். அதுக்காவ சாமி வந்து வாக்குச் சொல்றப்ப நம்பாம இருப்பமா? வர்ற வாக்கு யாரு வாயில வந்தா என்ன?"

"ஆனா அந்த வாக்கு..."

"கூட்டியாறேன்னாரு. கூட்டியாந்தாங்க. கொடி கட்டுன வண்டியில, படுக்கவெச்சு."

அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாடம் செய்துவந்த மன்னிப்பு வார்த்தைகள் ஒன்றுமே நினைவில் இல்லை.

"வாசல்ல வந்து நிக்கறேன்னாரு. அது ஒண்ணுதான் பாக்கி நிக்குது" என்றார். "அந்த பாயி வருசா வருசம் டீக்கடை வரைக்கும் வருவாரு. நானும் இங்க ஒக்காந்து பாத்துட்டே இருப்பேன். இன்னிக்கு வந்துருவாரு, இன்னிக்கு வந்துருவாருன்னு. டீயக் குடிச்சுட்டுப் பஸ்ஸேறிருவாரு. ஒம்போது வருசம் கண்ணு. சாமி வரலீன்னாப் போவுது, அந்த மனுசனாவது வந்து நின்னுருக்கலாமில்ல? நான் ஒண்ணுங் கேட்டுருக்க மாட்டேன். ஒரு சொம்பு தண்ணி குடுத்திருப்பேன்."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்த இடத்தை. தள்ளிப்போய் வேலியோரம் நின்றுகொண்டேன்.